சாட்ஸ்வர்த் வீட்டுக் கூட்டத்தில் அன்பின் விருந்து வைப்பது எப்படி

அன்பின் விருந்து என்பது சபையார் ஒன்றாகக் கூடி அப்பம் பிட்டுச் சாப்பிடும் பொதுச் சாப்பாடு. ஆதிக் கிறிஸ்தவ சபை பெரும்பாலும் வீடுகளில்தான் கூடியது. சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் துரா-யூரோப்போஸ் ஊரில் தோண்டியெடுத்த, சபை கூடிய 3ஆம் நூற்றாண்டு வீட்டில், இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டுக் கூடம் ஆக்கியிருந்தார்கள். தென்னாப்பிரிக்க டர்பனின் சாட்ஸ்வர்த்தில், பக்கத்து வீட்டோடு ஒட்டிய நம் இரட்டை வீட்டில் சுவரைத் தொட முடியாது. சோபாவை வெளியே நகர்த்திப் பாய் விரித்தால் இருபது பேர் தாராளமாக உட்காரலாம். முழங்கால் வலிக்காரர்களுக்குச் சுவரோரம் நாற்காலி.

இருபது பேருக்கு அரிசி இரண்டரை கிலோ, சுகர் பீன்ஸ் என்ற காய்ந்த பீன்ஸ் ஒன்றரை கிலோ. பீன்ஸை முதல்நாள் இரவே ஊறப்போடுங்கள். காலையில் போட்டால் வேகாமல் கூட்டத்தையே தாமதப்படுத்தும். மாட்டிறைச்சி வேண்டாம், வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்து உறவினர் உண்டு. அப்பம் பிட்க ஒரே முழு ரொட்டி வாங்குங்கள், துண்டு போட்டது ஆகாது. திராட்சைச் சாறு ஒரு லிட்டர் போதும்; குடியை விட்டு மீண்டவர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார், ஒயின் தவிர்ப்பது நல்லது.

விருந்து கெடுவது எங்கே என்றால், நேரத்தில். கொரிந்து சபையில் அவனவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டான். 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்' என்று அப்போஸ்தலன் பவுல் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் கடிந்தார். அவர் சொன்ன மருந்து, 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்'. ஆகவே கூட்ட நேரத்தைப் போதகரின் வசதிக்கு வைக்காதீர்கள். கடைசியாக ஷிப்ட் முடித்து டாக்சி பிடித்து வருகிறவர் யாரோ, அவர் குளித்துவிட்டு வந்து சேரும் நேரம்தான் கூட்ட நேரம். அதுவரை பாட்டும் வாசிப்பும் நடக்கட்டும், சட்டி மூடியே இருக்கட்டும். வீட்டுக்கு வீடு கொண்டுவரும் கறியையும் அப்படியே பரிமாறக் கூடாது. எல்லாவற்றையும் பொதுச் சட்டிகளில் கொட்டுங்கள். யார் வீட்டில் ஆட்டுக்கறி, யார் வீட்டில் பருப்பு என்று தெரிந்துவிட்டால் அடுத்த மாதம் பருப்பு கொண்டுவந்தவர் வரமாட்டார்.

இரண்டாவது இடறல் பாஷை. பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள். முறையிட்டவர்களுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள், ஏழு பெயரும் கிரேக்கப் பெயர். நம் கூட்டத்தில் எல்லாம் இங்கிலீஷில் ஓடும்போது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பாட்டிகளும் அப்படித்தான். அவர்களுக்காக ஒரு பாட்டு தமிழில் பாடுவதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். பரிமாறும் கரண்டியையும் காணிக்கைப் பெட்டிச் சாவியையும் அவர்களில் ஒருவர் கையில் கொடுங்கள்.

வர முடியாதவர்களுக்கு மிச்சம் கட்டிக்கொடுப்பது தவறு. 2ஆம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுகிறபடி, நன்றி சொன்ன அப்பத்தை உதவிக்காரர்கள் வராதவர்களுக்கும் கொண்டுபோனார்கள். காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் அவர்கள் பங்கை முதலில் எடுத்து, மூடிமேல் பெயர் எழுதி வைத்துவிட்டு அப்புறம் பரிமாறுங்கள். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கும் ஒரு டப்பா. மதப் பிரசாரத் துண்டுப்பிரதி வைக்காமல்.

சண்டை இருந்தால் விருந்துக்கு முன் தீர்க்க வேண்டும். சமாதானமாகும்வரை சேர வேண்டாம் என்கிறது திதாக்கே என்ற பழைய சபை ஒழுங்கு. விருந்தன்று பேசினால் தீராது. வாரத் தொடக்கத்திலேயே சபை மூப்பர் இரு வீட்டுக்கும் போய்வரட்டும்.

காணிக்கை அவரவர் மனம்போல. இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அன்றிரவே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

வெளியூர்ப் பிரசங்கியாருக்கும் திதாக்கேயில் கணக்கு உண்டு: ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இன்னொரு நாள், மூன்றாம் நாளும் தங்கினாலோ பணம் கேட்டாலோ கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் மட்டும். கொஞ்சம் கறார்தான். ஆனால் வந்தவர் தன் பேங்க் நம்பரைக் கூட்டத்திலேயே வாசித்தால் அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுங்கள், சோற்று டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.