பார்னை ஏக்கராக மாற்றும்போது சதுர மீட்டர் வழியே செல்லுங்கள்

அணுக்கருவின் குறுக்குவெட்டுப் பரப்பை அளக்கும் பார்ன் என்பது 10⁻²⁸ சதுர மீட்டர். நில அளவையின் எக்டேரோ 10⁴ சதுர மீட்டர். இவ்விரண்டுக்கும் இடையே நேரடிப் பெருக்கு எண்ணைத் தேடி மனப்பாடம் செய்வதைவிட, எந்த அலகையும் முதலில் சதுர மீட்டராக்கிக்கொண்டு, பிறகு பத்தின் அடுக்குகளை மட்டும் கூட்டிக் கழிப்பதே பிழையற்ற வழி. அவ்வாறு செய்தால் ஓர் எக்டேர் 10³² பார்ன் என்பது உடனே கிடைத்துவிடும்.

ஏக்கர் 4046.8564224 சதுர மீட்டர் என்பதால், 2.5 ஏக்கரைப் பெருக்க 10,117.14 சதுர மீட்டர் வரும்; அதை 10²⁸ ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.0117 × 10³² பார்ன். 2.5 ஏக்கர் ஓர் எக்டேரைவிடச் சற்றே பெரியது என்பதால் விடை சரியென்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

பெரும்பாலோர் தவறுவது முன்னொட்டுகளில்தான். ஃபெம்டோமீட்டர் 10⁻¹⁵ மீட்டர் என்றாலும், சதுர ஃபெம்டோமீட்டரில் அடுக்கும் இரட்டிப்பதால் அது 10⁻³⁰ சதுர மீட்டராகிறது. ஆகவே ஒரு பார்னுக்கு 100 சதுர ஃபெம்டோமீட்டர். மில்லிபார்னுக்கு இந்த இரட்டிப்பு பொருந்தாது. பார்ன் ஏற்கெனவே பரப்பலகு என்பதால், அது வெறும் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 10⁻³¹ சதுர மீட்டர். கணிப்பானில் அடுக்கின் கழித்தல் குறியை விட்டுவிட்டால் விடை 56 இலக்கங்கள் தள்ளிப்போகும்.