மாதிரி ரயில் பாலம்: முதலில் மின்கம்பி, பிறகு வண்ணம்

காரைக்குடியிலிருந்து மானாமதுரை செல்லும் ரயிலில் சன்னலோரம் அமர்ந்தால், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களின் மேல் சிறு பாலங்களைப் பார்க்கலாம். மாதிரி ரயில் அமைப்போர் பலரும் 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்துக்கே ஆசைப்படுகிறார்கள்; முதல் முயற்சிக்கு வரத்துக்காலின் மேல் நிற்கும் ஒற்றைக் கர்டர் (இரும்பு உத்தரம்) பாலமே ஏற்றது என்பது என் கருத்து. நம் ரயில்வேயின் வழக்கமான கர்டர் நீளங்களுள் ஒன்றான 12.2 மீட்டர், 87-இல் ஒரு பங்காகச் சுருங்கும் எச்.ஓ. அளவில் 14 சென்டிமீட்டர்; 18.3 மீட்டர் என்றால் 21 சென்டிமீட்டர்.

மாதிரி என்ஜின் இரு தண்டவாளங்கள் வழியாகவே மின்சாரம் பெற்று ஓடுகிறது; பாலத்தை ஒட்டி முடித்த பிறகு மின்இணைப்பை யோசிப்பதுதான் பெரும்பிழை. என் முதல் பாலத்தில் தண்டவாளங்களைக் கோக்கும் இணைப்புத் தகடுகளே மின்சாரத்தைக் கடத்திவிடும் என்று நம்பினேன். சில மாதங்களில் தகடுகளுக்குள் தூசியும் வண்ணமும் புகுந்து, என்ஜின் நட்டநடுப் பாலத்தில் நின்றது. ஒயர் கொண்டுபோக வழியில்லாததால் தூணையே உடைக்க நேர்ந்தது.

ஆகவே பாலத்துத் தண்டவாளம் ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் கொடுங்கள். பலகையின் அடியில் ஓடும் முதன்மை ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டரும், அதிலிருந்து ஏறும் கிளை ஒயர் 0.5 சதுர மில்லிமீட்டரும் இருந்தால் போதும். தூணைச் செய்யும்போதே நடுவில் ஒரு உறிஞ்சுகுழாயைப் பதித்துவிட்டால், கிளை ஒயர்கள் கண்ணில் படாமல் மேலேறும். பற்றவைக்கும் இடத்தைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இருபுறமும் ஈரப்பஞ்சு வைத்து, ஒயர் நுனிக்கு முன்பே ஈயம் பூசிக்கொண்டால், இரண்டு மூன்று வினாடிகளில் வேலை முடியும். அதற்கு மேல் சூடு காட்டினால் தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டையான பிளாஸ்டிக் ஸ்லீப்பர் இளகித் தடத்தின் அகலம் மாறிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உலோகம் நீளும் என்பதால், பாலத்தின் இரு முனைகளிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

பாலத்துக்கு உயிர் கொடுப்பவை, ரயில் ஓடும் தண்டவாளங்களுக்கு உள்ளே, தடம் புரண்ட வண்டி பாலத்திலிருந்து விழாமல் தடுக்கக் கிடக்கும் காப்புத் தண்டவாளங்கள். உண்மைப் பாலத்தில் அவை முனையில் வளைந்து தடத்தின் நடுவே ஒன்றையொன்று நெருங்கும். மாதிரியில் இரண்டையும் உலோகத்தால் செய்து நுனியில் சேர்த்துவிட்டால், சக்கரங்களின் உட்பக்கம் அவற்றில் உரசும் கணத்தில் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் பட்டையால் செய்து, ஓடும் தண்டவாளத்தைவிட ஒரு மயிரிழை தாழ்வாக ஒட்டுவதே பாதுகாப்பு.

கர்டருக்கு அலுமினிய வண்ணம் பூசி, ரிவெட் வரிசைகளின் கீழ் மட்டும் துருநிறம் இழுங்கள். தூணைக் கருங்கல்லாகக் கீறிய பின், அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், மழைக்காலத்து வெள்ளம் விட்டுச்சென்ற செம்மண் கறையை நீர்த்த காவி வண்ணத்தால் ஏற்றுங்கள். ஓரம் நேர்கோடாக இல்லாமல் கல்லின் இடுக்குகளில் அடர்ந்திருக்க வேண்டும்.

கடைசியாக, தண்டவாளத்தின் மேற்புறத்தில் படிந்த வண்ணத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரு தண்டவாளங்களுக்கும் இடையே தொடர்பில்லை என்பதையும், ஒவ்வொன்றும் தன் ஒயரோடு சேர்ந்திருக்கிறது என்பதையும் முதன்மை ஒயரோடு இணைக்கும் முன்பே மல்டிமீட்டரால் பாருங்கள். பாலத்தைப் பலகையில் பசையால் ஒட்டாமல் இரண்டு திருகாணிகளால் மட்டும் நிறுத்துங்கள். பழுது பார்க்க எப்போது வேண்டுமானாலும் முழுதாகத் தூக்கி எடுக்கலாம்.