இரு விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவரின் கணக்கை வாசிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிகளில் இலையுதிர்காலத்தில் கால்பந்தும் இளவேனிலில் தடகளமும் நடப்பதால், ஒரே மனிதர் இரண்டுக்கும் பயிற்சியாளராக இருப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. (இங்கே கால்பந்து என்பது நம் தெருக்களில் உதைத்து ஆடும் ஆட்டமன்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்.) அத்தகையவரை மதிப்பிட முனைவோர் பெரும்பாலும் கால்பந்துக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அதைத் தவிர்க்கும் முறையை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிளைட் லிட்டில்ஃபீல்டை வைத்துக் காண்போம்.

அவருடைய கால்பந்துக் கணக்கு 44–18–6. இவை முறையே வெற்றி, தோல்வி, சமன். மூன்றாவது எண் இருந்தாலே அது பழைய காலத்துக் கணக்கு என்று கொள்ளலாம். 1996 ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து கூடுதல் நேர ஆட்டம் வந்துவிட்டதால் சமன் என்பதே இல்லாமற்போயிற்று. விகிதம் காண்பதற்கு ஒவ்வொரு சமனையும் அரை வெற்றியாகக் கொள்ள வேண்டும்: 44 உடன் 3 ஐக் கூட்டி, வரும் 47 ஐ மொத்த ஆட்டங்களான 68 ஆல் வகுத்தால் 0.691 கிடைக்கும். சமன்களை அறவே விட்டுவிட்டு 62 ஆல் வகுப்போருக்கு 0.710 வரும் என்பதால், எந்தக் கணக்கைப் படித்தாலும் வகுத்த எண் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மொத்தத்தை ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். 1927 முதல் 1933 வரையிலான ஏழு பருவங்களில், 1928 இலும் 1930 இலும் அவருடைய அணி சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் (அந்த வட்டாரக் கல்லூரிகள் தமக்குள் போட்டியிட அமைத்திருந்த குழுமம்) பட்டத்தை வென்றது. 1933 இல் 4–5–2 என்று சரிந்தது, அதோடு கால்பந்துப் பொறுப்பும் முடிந்தது. கடைசி ஆண்டின் கசப்பை முழுப் பணியின் மீதும் பூசிவிடுவது, என் பார்வையில், வாசிப்போர் செய்யும் முதல் தவறு.

தடகளத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே இரண்டு அணிகள் மட்டும் மோதுவதில்லை. பல அணிகள் ஒரே மைதானத்தில் கூடி, ஒவ்வொரு போட்டியிலும் பெற்ற இடத்துக்கு ஏற்பப் புள்ளிகளைச் சேர்க்கின்றன. ஆகவே வெற்றி–தோல்வியைத் தேடாமல் கான்ஃபரன்ஸ் பட்டங்களை எண்ணுங்கள்: 1920 முதல் 1960 வரை லிட்டில்ஃபீல்டின் அணிகள் 25 பட்டங்களை வென்றன. அவரிடம் பயின்றவர்களையும் பாருங்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 4×100 மீட்டர் தொடரோட்டத்தில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஓடிய டீன் ஸ்மித் அவருடைய மாணவர். ஆனால், பதக்கம் வென்ற ஆண்டில் அந்த வீரர் அந்தக் கல்லூரியில்தான் இருந்தாரா என்று சரிபார்க்காமல் எந்தப் பயிற்சியாளரின் பெயரிலும் அதை வரவு வைக்காதீர்கள்.

எண்ணில் அடங்காத பணிகளும் உண்டு. 1925 இல் அப்பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் தியோ பெல்மாண்டுடன் சேர்ந்து அவர் தொடங்கிய டெக்சாஸ் ரிலேஸ் என்னும் தடகளப் போட்டி இன்று அவர் பெயரைத் தாங்கி நடக்கிறது.

இறுதியாக ஒரு தாளில் ஆண்டுகளை மேலிருந்து கீழாக எழுதி, இடப்பக்கம் கால்பந்தையும் வலப்பக்கம் தடகளத்தையும் நிரப்புங்கள். லிட்டில்ஃபீல்டின் தாளில் இடப்பக்கம் 7 வரிகளும் வலப்பக்கம் 41 வரிகளும் வரும்.