விரல் ஒரு சொல்லில், வாய் இன்னொரு சொல்லில்

2022 ஜூனில் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் எழுத்தும் கணக்கும் சேர்க்கும் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து, சேலம் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் வாசிப்பைச் சோதிப்பதில் ஒரே மாதிரியான இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அட்டை தொலைவது, பயிற்சி நூல் திருத்தாமல் கிடப்பதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும், விடுங்கள்.

மனப்பாடத்தை வாசிப்பு என்று பதிவது

பிள்ளை கடகடவென்று ஒப்பிக்கும். கற்றல் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுக்கள்; உடனே அரும்பிலிருந்து மொட்டு, மொட்டிலிருந்து மலர் என்று குழுவை மாற்றிவிடுகிறார்கள். விரலைக் கவனியுங்கள்: வாய் வரியை முடித்திருக்கும், விரல் பாதியில் நிற்கும். ஏற்காட்டு மலைப் பள்ளிகளில் பல வகுப்புகள் ஒரே அறையில் நடந்தால், மூன்றாம் வகுப்புப் பாட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காதாலேயே பாடமாகிவிடும்.

இதன் விலை அதிகம். எந்தப் பயிற்சி என்பதைக் குழுதான் தீர்மானிக்கிறது. தப்பாக மலரில் உட்கார்ந்த பிள்ளைக்கு வாக்கியம் பிடிபடாது; பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதும். இந்த வகுப்புகளில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது நியாயமான விதிதான். ஆனால் தப்பான பதிவு அப்படியே மேல் வகுப்புக்குப் போய்விடும். இத்தனைக்கும் 2021-இல் வந்த நிபுண் பாரத் என்னும் ஒன்றிய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டம், ஒன்றாம் வகுப்புக்கே முன்பு பார்க்காத பகுதியிலிருந்து 4-5 எளிய சொற்கள் கொண்ட வாக்கியத்தை வாசிக்க வேண்டும் என்கிறது. பழகிய பாடத்தில் சோதிப்பது நாமாகச் செய்துகொள்ளும் சலுகை!

சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு கெட்டி அட்டையில் ஒரு சொல் தெரியும் அளவுக்குச் சன்னல் வெட்டுங்கள். பாடத்தின் மேல் வைத்துக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி நகர்த்துங்கள். அடுத்து படம்–பாடம், பெட்டி–பேட்டி, கொடு–கோடு என்று சோடிச் சொற்களை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு பஸ் பலகை: மேச்சேரி, கெங்கவல்லி, கொளத்தூர், ஓமலூர். ‘கொ’வைக் ‘கெ’ என்று தொடங்கித் துணைக்காலில் தடுமாறினால், பிள்ளை குறியீடுகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பதை அட்டையில் பிரித்துச் சேர்த்துக் காட்டுங்கள். முழு எழுத்து வரிசையையும் மறுபடி ஓதவைத்துப் பயனில்லை.

247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருப்பது

வேண்டாம். ட, ப, ம, புள்ளி தெரிந்தால் படம், பட்டம், மடம் வாசிக்கலாம்.

ஸ்டாப்வாட்சை மட்டும் நம்புவது

நிபுண் பாரத் இலக்கு மூன்றாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 60 சொல், அதுவும் பொருள் புரிந்து. தமிழில் ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்பதும் ஒரு சொல், ‘பூ’ என்பதும் ஒரு சொல். வேகத்தைக் குறிக்குமுன் வாசித்ததிலிருந்து இரண்டு கேள்வி கேளுங்கள்.

குழுவை மாற்றாமலே விடுவது

ஜூனில் அரும்பு என்றால் ஏப்ரலிலும் அரும்பா?