சோப்பின் நடுவில் மட்டும் ஏன் கருத்த வட்டம்? ஜெல் கட்டத்தைப் புரிந்துகொள்ள

அச்சிலிருந்து எடுத்து வெட்டினால் நடுவில் கருத்த வட்டம், ஓரத்தில் வெளுத்த வளையம். கெட்டுவிட்டதென்று தூக்கிப் போட வேண்டாம். நடுப்பகுதி ஜெல் ஆகியிருக்கிறது, ஓரம் ஆகவில்லை. பார்வைக்குத்தான் குறை, குளிக்க ஒன்றும் ஆகாது.

காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் சேர்ந்து சோப்பாகும்போது தானாகவே சூடு கிளம்பும். சுமார் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கலவை வாஸ்லின் மாதிரி இளகி, கண்ணாடி போல மினுங்கும். இதுதான் ஜெல் கட்டம். ஆறியதும் மறுபடி கெட்டியாகி அந்த மினுக்கம் போய்விடும். தண்ணீரைக் குறைத்தால் ஜெல் ஆக இன்னும் அதிகச் சூடு வேண்டும்.

1. தேங்காய் எண்ணெய் 300 கிராம், கடலை எண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50, காஸ்டிக் சோடா 77, தண்ணீர் 155. எல்லாமே தராசில்தான், டம்ளர் கணக்கு கூடாது. எண்ணெயை மாற்றினால் சோடா அளவும் மாறும். உப்பும் கடினமும் உள்ள போர் தண்ணீர் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

2. கையுறை, கண்ணாடி போட்டு, காற்றோட்டமான இடத்தில் தண்ணீருக்குள் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துவிடும், எவர்சில்வர்தான் சரி.

3. சோடாத் தண்ணீரும் எண்ணெயும் 40 டிகிரிக்கு வந்ததும் சேர்த்து, மோர்க்குழம்புப் பதம் வரும்வரை பிளெண்டரில் அடித்து அச்சில் ஊற்றுங்கள்.

4. ஜெல் வேண்டுமா வேண்டாமா என்பதை ஊற்றும் முன்பே முடிவு செய்யுங்கள். வேண்டுமென்றால் மூடி போட்டு, கம்பளியால் சுற்றுங்கள். மார்கழிக் குளிரில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரண்டு சுற்று தேவைப்படும். ஓரம் ஆறுவதால்தான் அந்த வட்டம் விழுகிறது. சித்திரை வெயிலில் தர்மபுரியில் ஒரு துண்டே போதும். ஜெல் ஆனால் நிறம் பளிச்சென்று வரும், அச்சிலிருந்தும் சீக்கிரம் கழன்றுவிடும். வேண்டாமென்றால் சின்னச் சின்னத் தனி அச்சுகளில் ஊற்றி ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வையுங்கள்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் கைக்கெட்டும் மாம்பழக்கூழைச் சேர்க்க நினைப்பார்கள். 15 கிராமுக்கு மேல் போகாதீர்கள், அந்த அளவு தண்ணீரையும் குறையுங்கள். கூழிலுள்ள சர்க்கரை சூட்டை ஏற்றிவிடும்: மேலே வெடிப்பு விழும், சில சமயம் பொங்கி அச்சைத் தாண்டி வழியும். வெடிப்பு தெரிந்தவுடன் கம்பளியை எடுத்துவிட்டு மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள்.

ஜெல் ஆனாலும் ஆகாவிட்டாலும், வெட்டிய கட்டிகளை 4 வாரம் காற்றில் உலரவிட்ட பிறகுதான் குளிக்க எடுக்கலாம்.