தலைக்கு மேல் இரும்பு: முகாம் வண்டி கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பொலேரோ கேம்பர் (முன்னால் இரட்டை வரிசை கேபினும் பின்னால் சரக்குத் தட்டும் உள்ள வண்டி) ஒன்றை வாங்கி, மலையேறி முகாமிடும் வண்டியாக மாற்றும் ஆசை சேலம், ஈரோடு பக்கத்து இளைஞர்கள் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் கேம்பர் அமைந்தால், குறைந்த பணத்தில் அதைப்போல் உழைக்கும் வண்டி வேறு கிடைப்பது கடினம். ஆனால் வாங்கிய கையோடு அவர்கள் செய்கிற வேலைகளைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. நாங்கள் அந்தக் காலத்தில் பணத்தைக் கரைத்த அதே வேலைகள், அதே வரிசையில்.

ஸ்டெப்னியில் காற்று பார்க்காமல் கிளம்புவது, டார்ச்சை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் யாரும் தெளிந்துவிடுவார்கள்.

கூரைமேல் எடை ஏற்றுவது

வண்டி வந்ததும் நேராக வெல்டிங் பட்டறைக்குப் போகிறார்கள். கேபினுக்கு மேல் ஒரு கேரியர், அதன்மேல் நடக்க, வழுக்காமல் புடைப்பு போட்ட செக்கர் பிளேட், அதற்கும் மேல் கூரைக் கூடாரம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 மி.மீ. கனமுள்ள ஒரு அங்குலச் சதுரக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ. கேரியருக்கு 40 மீட்டர் போனால் 60 கிலோ. 3 மி.மீ. பிளேட் சதுர மீட்டருக்கு 25 கிலோ. கூடாரம் 50 முதல் 70 கிலோ. இவற்றோடு தண்ணீர் கேன் ஒன்றையும் மேலே கட்டினால் அதில் 20 கிலோ. ஆள் ஏறிப் படுப்பதற்கு முன்பே 150 கிலோ தாண்டிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். “ஒரு டன் தாங்குகிற வண்டி அண்ணா, இதற்கா பயப்படுவது?” என்றார். அந்த ஒரு டன் பின்தட்டில், சக்கரங்களுக்கு இடையே தாழ்வாக உட்காரும் சரக்குக்கான கணக்கு. கேபின் கூரையோ வெயிலையும் மழையையும் மறைக்கப் போட்ட தகடு. எடை எவ்வளவு என்பதைவிட எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் சரிவில் பேசும். சேலம் பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதில் அர்த்தமே இல்லை.

அவருக்கு அது கொல்லிமலையில் தெரிந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி வெளிப்பக்கம் சாய, பயத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே இறங்கியிருக்கிறார். பாதி வழியில் பிரேக் லைனிங் கருகும் வாசனை. கீழ் கியரில் இறங்கியிருக்க வேண்டும் என்பது தனிக்கதை. ஊர் வந்து சேர்ந்த பிறகு, அடுத்த மழையில் கூரை ஓரத்தில் போல்ட் போட்ட இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. சாய்வைக் குறைக்கப் பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டார்கள். அதன்பிறகு வெற்று வண்டி குழியில் ஆட்டுக்குட்டியாய்த் துள்ள, ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோன இடத்தில் ‘கழற்றிவிட்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினார்கள். பற்றவைக்கக் கொடுத்த கூலியை வெட்டி எடுக்கவும் கொடுத்தார். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்: ஒரு கேரியர் வாங்கினால் நான்கு பில் தானாக வருகிறது, யாரும் அதைக் கேரியரின் கணக்கில் எழுதுவதில்லை.

சட்டமும் துணைக்கு வராது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கேம்பர்கள் பெரும்பாலும் சரக்கு வாகனமாகப் பதிவானவை. எட்டு வயது தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். தப்பிப்பதற்கு வழியில்லை.

செய்ய வேண்டியது இதுதான். எதையும் வாங்குவதற்கு முன் லாரி எடைமேடைக்குப் போங்கள். வெற்று வண்டியை முழுதாக ஒருமுறை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை எடை போட்டுச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். சாமான் ஏற்றிய பிறகு மறுபடியும் போடுங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டால் மீதி எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். மாருதி ஜிம்னி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்: 1,545 கிலோ மொத்த எடையில் வண்டியே 1,200 கிலோ அளவுக்கு எடுத்துக்கொள்கிறது. ஆட்கள், சாமான், கூடாரம் எல்லாம் மீதியில்தான் அடங்க வேண்டும்.

படுக்க என்ன செய்வது? மூன்று நான்கு கிலோவில் தரைக் கூடாரம் கிடைக்கிறது. நிழலுக்கு நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிக்காரர்கள் வாங்கும் தார்ப்பாய், இரண்டு மூங்கில் கழி, கயிறு. கூரைக் கூடாரத்தின் விலையில் நல்ல டயர் நான்கும் வாங்கி, டீசலுக்கும் மிச்சம் பிடிக்கலாம்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிவருவது

முகாமில் ஃபிரிட்ஜ் ஓட்ட வீட்டு பேட்டரியைப் பின்தட்டில் வைக்கிறார்கள்; அது சும்மா இருக்கும் சாமான்தானே என்று நினைக்கிறார்கள். பெரிய டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், மேட்டில் ஆசிட் சிந்தும். ஈய பேட்டரியின் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசும் குறையும்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது ஒயர். என்ஜின் பக்கத்திலிருந்து பின்தட்டு வரை 5 மீட்டர் என்றால், போய்வர 10 மீட்டர். 10 ஆம்பியர் ஓடும்போது 2.5 சதுர மி.மீ. ஒயரில் முக்கால் வோல்ட் வழியிலேயே தொலையும். ஃபிரிட்ஜ் ‘பேட்டரி இல்லை’ என்று நின்றுவிடும். புதுப் பேட்டரி வாங்கி மாட்டுவார்கள், மறுபடியும் நிற்கும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு பாதிக்கும் கீழே இறங்கும். ஃபியூஸைப் பேட்டரி முனைக்கு ஒட்டியே வையுங்கள். கருவியின் பக்கம் வைத்தால், நடுவில் ஒயர் உரசித் தகட்டில் பட்டு எரியும்போது அது காப்பாற்றாது.

இரண்டு நாள் பயணத்துக்கு ஃபிரிட்ஜே வேண்டாம். மீன் சந்தையில் தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் கட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பக்க இரும்புக் கம்பி

பம்பருக்கு முன்னால் பூட்டும் இந்தப் புல் பார் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கழற்றி எடைக்குப் போடுங்கள்.

விஞ்ச்

சிக்கிய வண்டியைக் கம்பிக்கயிற்றால் இழுத்து மீட்கும் மோட்டார் இது. வேண்டாம். இன்னொரு வண்டியோடு போங்கள்.

டயருக்குக் கடைசியில் பணம் ஒதுக்குவது

விளக்கு, ஸ்டிக்கர் எல்லாம் முடிந்து மீதியில் ரீட்ரெட் (தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டிய) டயர் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். மணலில் காற்றை 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் சாதாரண வண்டியும் நகரும். ஆனால் தார் ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிக்கொள்ள ஒரு சின்னக் கம்ப்ரசர் கையில் இருக்க வேண்டும்.

கூடாரத்துக்குள் அடுப்பு

கரியோ கேஸோ, கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கண்ட இடத்தில் நிறுத்துவது

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி இரவு தங்குவது குற்றம். சத்தியமங்கலம் காட்டு வழியான பண்ணாரி–திம்பம் சாலையில் இரவில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. சோதனைச் சாவடி கேட்டில் போய்க் கெஞ்சுவதற்குப் பதில், பொழுதிருக்கும்போதே அடிவாரத்தில் ஒரு தோட்டத்துக்காரரைப் பிடித்து, ‘களத்து ஓரம் ஒரு ராத்திரி நிறுத்திக்கொள்ளட்டுமா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். எந்தப் பக்கம் யானை வரும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள்.