குவீன்ஸ் இரவுச் சந்தைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

நியூயார்க் நகரத் தெருவில் சாப்பாடு விற்றுப் பிழைக்கச் சமையல் தெரிந்தால் மட்டும் போதாது. உணவு வண்டிகளுக்கான உரிமங்களின் எண்ணிக்கைக்கு அந்நகரம் 1983இலேயே வரம்பு கட்டிவிட்டது. உரிமம் கிடைக்காதவர்கள் கள்ளச்சந்தையில் பல ஆயிரம் டாலர் கொடுத்து அதை வாடகைக்கு எடுத்தார்கள். உரிமங்களைப் படிப்படியாக உயர்த்த 2021இல்தான் சட்டம் வந்தது. இப்படிப்பட்ட ஊரில், வாரம் ஒரு நாள் மட்டும் கடை போட்டு, தன் கைப்பக்குவம் விலைபோகுமா என்று பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமல்லவா? நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 2015இல் ஜான் வாங் தொடங்கிய குவீன்ஸ் நைட் மார்க்கெட் என்ற இரவுச் சந்தைதான் அந்த இடம். வழக்கறிஞராக இருந்தவர் அவர். சிறுவயதுக் கோடை விடுமுறைகளில் தைவானில் பார்த்த இரவுச் சந்தைகள்தாம் அவருக்கு முன்மாதிரி.

படி 1: தேதியை உறுதி செய்யுங்கள்

சந்தை சனிக்கிழமைகளில் மட்டும் நடக்கும். மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை. ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் வரை பருவம். ஆகஸ்ட் கடைசியில் சில வாரங்கள் விடுமுறை, ஏனென்றால் சந்தை கூடும் ஃப்ளஷிங் மெடோஸ் கொரோனா பூங்காவில்தான் அப்போது யு.எஸ். ஓபன் டென்னிஸ் நடக்கிறது. நுழைவு இலவசம். பருவத் தொடக்கத்து முன்னோட்ட இரவுகளுக்கு மட்டும் டிக்கெட் வைத்த ஆண்டுகள் உண்டு.

படி 2: ரயிலில் போங்கள்

மன்ஹாட்டனிலிருந்து 7ஆம் எண் ரயில் ஏறி, 111ஆவது தெரு நிலையத்தில் இறங்குங்கள். அதே தெருவில் தெற்கே பத்துப் பதினைந்து நிமிட நடை. பூங்காவில் உள்ள ‘நியூயார்க் ஹால் ஆஃப் சயின்ஸ்’ என்ற அறிவியல் கூடத்தின் ராக்கெட்டுகள் கண்ணில் பட்டால் வழி சரி. சந்தை அதன் பின்புறம். பக்கத்து மைதானத்தில் மெட்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் இருக்கும் நாளில் ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது. காரில் வருவதாக இருந்தால் பார்க்கிங் தேடியே பசி அடங்கிவிடும்.

படி 3: சில்லறை நோட்டுகள்

அட்டையை நம்பி மட்டும் போகாதீர்கள். ரொக்கம் கேட்கும் கடைகள் இருக்கும். ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாக வைத்துக்கொண்டால் உங்களுக்கும் கடைக்காரருக்கும் நேரம் மிச்சம். இங்கே பெரும்பாலான பண்டங்களுக்கு 5 டாலர், சிலவற்றுக்கு 6 டாலர் என்று விலைக்கு உச்சவரம்பு உண்டு. நியூயார்க் விலைவாசியில் இது வியப்புதான். வருகிறவர் ஒரு கடையோடு நிற்காமல் பலவற்றையும் சுவைக்க வேண்டும் என்பதே நோக்கம். கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபம் மெல்லியது. எனவே பேரம் பேசாதீர்கள். முடிந்தால் டிப்ஸ் போடுங்கள்.

படி 4: முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், எல்லாரும் மீறுவதும் இதைத்தான். நுழைந்தவுடன் வரும் புகையும் வாசனையும் அப்படி! ஆனாலும் பையில் கைவிடாமல் ஒரு முறை முழுக்கச் சுற்றுங்கள். சந்தை தொடங்கியதிலிருந்து 90க்கும் மேற்பட்ட நாடுகளின் உணவு இங்கே விற்கப்பட்டிருக்கிறது. திபெத்திய மோமோ, பெருவின் செவிச்சே (எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீன்), டிரினிடாட்டில் சாப்பிடும் பொரித்த சுறா சாண்ட்விச், பர்மியத் தேயிலை சாலட் போன்றவை பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்களில் இருக்கக்கூடும். முதல் கடையிலேயே சோறும் கோழி வறுவலும் வாங்கி வயிற்றை நிரப்பிக்கொள்பவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நான்கு பேராகப் போய், ஆளுக்கொரு வரிசையில் நின்று, வாங்கியதைப் பகிர்ந்து உண்பது நல்லது. நீளமான வரிசை என்றாலே நல்ல சாப்பாடு என்று எண்ண வேண்டாம். பலநேரம் அது நன்றாகப் படம் பிடிக்கக்கூடிய சாப்பாடு, அவ்வளவுதான். பெயரே கேட்டிராத பண்டம் விற்கும், வரிசை குறைந்த கடையில் குறைந்தது ஒன்றாவது வாங்குங்கள். அங்கே நிற்பவருக்கு உங்கள் ஐந்து டாலர் கூடுதல் உதவி.

படி 5: கேட்டு வாங்குங்கள்

சைவம் சாப்பிடுகிறவர்கள் "காய்கறிதானா?" என்று கேட்டு நிறுத்திவிடக் கூடாது. தென்கிழக்காசியச் சமையலில் காய்கறிக் கறியிலும் மீன் சாஸோ இறால் விழுதோ சேரும். லத்தீன் அமெரிக்கச் சமையலில் பன்றிக் கொழுப்பு சேரலாம். இவை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே கேளுங்கள். கூட்டம் ஏறுவதற்கு முன்னால் போனால், சமைப்பவரே நின்று பதில் சொல்வார். எட்டு மணிக்குமேல் அந்த நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

படி 6: பிடித்திருந்தால்

கடையின் பெயரைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை விற்பனை பெரும்பாலானோருக்குத் தொடக்கம்தான். வாரநாளில் வேறு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. விழாக்களுக்குச் சமைத்துத் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ஐம்பது பேருக்கான ஓர் ஆர்டர், மழையில் வீணான ஒரு சனிக்கிழமையை ஈடுகட்டிவிடும். முன்பணத்தை மட்டும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.